இன்னும் எவ்வளவு நாள்

ஆங்கிலத்தில் 'லாங்' என்று ஒரு சொல் இருக்கிறது. பொல்லாத சொல். கயிறும் லாங், காத்திருப்பதும் லாங், பெண்ணின் கூந்தலும் லாங், ஆறாத இருமலும் லாங். ஸ்பானிய மொழியில் இப்படி ஒரே சொல்லை வைத்துக்கொண்டு ஒப்பேற்ற முடியாது. கயிற்றுக்கு ஒன்று, காத்திருப்புக்கு ஒன்று. ஆபரேஷனுக்கு எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று கேட்பதற்கு ஒன்று, வலி எத்தனை நாளாக இருக்கிறது என்று கேட்பதற்கு வேறொன்று. எல் பாசோவில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் இருபத்திரண்டு வருஷமாக மொழிபெயர்ப்பாளராக இருக்கும் ஒடீலியா பர்ராசா, இந்த ஒரு சொல்லுக்கே மூன்று பக்கப் பட்டியல் போட்டு வைத்திருந்தாள். புதிதாக வேலைக்குச் சேருகிறவர்களுக்கு அவள் எடுக்கும் முதல் பாடம் அதுதான்.

அந்த அக்டோபரிலும் மூன்று பேர் புதிதாக வந்திருந்தார்கள். கீழ்த்தளத்தில், படுக்கை விரிப்புகள் வெளுக்கும் அறைக்குப் பக்கத்தில் பாடம் நடந்தது. நான்கு வருஷம் வேலை பார்த்தாகிவிட்ட உலீசெஸ், கேட்கும் சாக்கில் கடைசி நாற்காலியில் உட்கார்ந்து சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டிருந்தான்.

"டாக்டர் 'நாட் லாங்'னு சொல்றாரு. நீங்க என்னன்னு சொல்வீங்க?" என்று கேட்டாள் ஒடீலியா.

"எதைப் பத்திச் சொல்றாருன்னு முதல்ல பார்ப்பேன், தோன்யா" என்றாள் ஒரு பெண். மூத்தவளை மரியாதையாகக் கூப்பிடும் சொல் தோன்யா; ஆணானால் தோன்.

"சபாஷ்! ஊசி போடறதுக்கா, உயிருக்கா? அவங்களுக்கு ரெண்டும் ஒண்ணு. நம்ம ஆளுங்ககிட்ட ரெண்டையும் ஒரே மாதிரி சொல்லிப் பாருங்க, செருப்பைக் கழட்டுவாங்க."

எல்லோரும் சிரித்தார்கள். உலீசெஸ் மட்டும் விதைத் தோலைத் துப்பிவிட்டுக் கேட்டான்: "பட்டியல் பிரமாதம் தோன்யா. ஆனா டாக்டர் 'நாற்பது நிமிஷம்'னு சொன்னா நீங்க 'இதோ, செத்த நேரம்'னு சொல்றீங்களே, அது எந்தப் பக்கத்துல இருக்கு?"

"நீ ஒரு ரேடியோப் பெட்டிடா. உள்ள போனது அப்படியே வெளிய வரும். நோயாளிக்கு மனுஷக் குரல் வேணும்."

"ரேடியோ பொய் சொல்லாது தோன்யா."

"வாயை மூடிட்டு விதையைத் தின்னு."

ஒடீலியாவுக்குக் கர்வம் உண்டு. மறைப்பானேன்? மெக்சிகோவுக்கு எல்லையாக ஓடும் ஆற்றுக்கு இந்தப் பக்கம், அமெரிக்காவில் வாழும் நம் ஜனங்களில் பாதிப் பேர் ஆஸ்பத்திரிக்கு வந்தால் அவள் பெயரைச் சொல்லித்தான் கேட்பார்கள். "அந்தப் பசங்க வேண்டாம், ஒடீலியா அம்மாவைக் கூப்பிடுங்க." ஏன் என்று கேட்டால், அவள் வாயில் எந்தச் செய்தியும் கொஞ்சம் ஆறி வரும். நம்மவர்கள் காலத்தை நேருக்கு நேர் பார்த்துப் பேசுகிறவர்கள் இல்லை. இப்போதே வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனவன் இருட்டின பிறகு வருவான். யாரும் கோபிக்க மாட்டார்கள். 'முடியாது' என்று முகத்தில் அடித்தாற்போலச் சொல்வதைவிட 'அப்புறம் பார்க்கலாம்' என்பதுதான் நமக்கு மரியாதை. சின்ன நேரத்தை இன்னும் சின்னதாக்குவோம், பெரிய துன்பத்தைச் செல்லப் பெயர் வைத்துக் கூப்பிடுவோம். இதெல்லாம் சமையலறையில் சரி. ஆஸ்பத்திரியில் சரியா என்று ஒடீலியா யோசித்ததில்லை. யோசிக்கும்படி அதுவரை எதுவும் நடக்கவில்லை.

பாடம் முடிந்த கையோடு நாலாவது மாடியிலிருந்து அழைப்பு வந்தது. புற்றுநோய்ப் பிரிவு, டாக்டர் ப்ரென்னர்.

நோயாளியின் பெயர் இலாரியோ லோசோயா. நாற்பத்தேழு வயது. கூரைகளுக்குத் தார்த்தாள் ஒட்டும் வேலை. கழுத்தும் கையும் வெயிலில் கறுத்திருக்க, கண் மட்டும் மஞ்சளாகிக் கிடந்தது. பக்கத்தில் மனைவி எல்விரா. மகள் யதீராவுக்குப் பதினாலு வயது. அப்பாவுக்குக் குனிய முடியவில்லை என்று தரையில் உட்கார்ந்து அவருடைய பூட்ஸ் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தாள். கணையத்தில் புற்று, கல்லீரலுக்கும் பரவிவிட்டது என்று டாக்டர் சொன்னதை ஒடீலியா ஒரு எழுத்துக் கூட்டாமல் குறைக்காமல் சொன்னாள். இலாரியோ தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். பிறகு தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு டாக்டரைப் பார்த்துப் பேசினார்.

"டாக்டரம்மா, எங்கிட்ட ஒளிக்காதீங்க. எனக்கு ரெண்டு வேலை பாக்கி இருக்கு. ஜனவரி பத்தாம் தேதி இவளுக்குப் பதினஞ்சு வயசு விழா. முதல் ஆட்டம் அப்பன்கூடத்தான் ஆடணும், அது எங்க வழக்கம். இன்னொண்ணு, ஆத்துக்கு அந்தப் பக்கம் பர்ரால்ல எங்க அம்மா இருக்காங்க. பார்த்துப் பத்தொம்பது வருஷமாச்சு. எனக்கு இந்த நாட்டுல இருக்கக் காகிதம் கிடையாது. பாலத்தைத் தாண்டி அந்தப் பக்கம் போயிட்டேன்னா திரும்பி வர விடமாட்டாங்க. அதனால எது முதல்ல, எது அப்புறம்னு நான் முடிவு பண்ணணும். எனக்கு இன்னும் எவ்வளவு நாள் இருக்கு?"

மொழிபெயர்ப்பாளர்களுக்கு ஒரு சட்டம் உண்டு. யார் பேசுகிறாரோ அவராகவே பேச வேண்டும். 'அவர் கேட்கிறார்' என்று சொல்லக் கூடாது. 'எனக்கு எவ்வளவு நாள் இருக்கிறது' என்றுதான் சொல்ல வேண்டும். ஒடீலியாவும் அப்படித்தான் சொன்னாள், பாலம், பர்ரால், ஆட்டம் எதையும் விடாமல்.

டாக்டர் ப்ரென்னர் சுற்றி வளைக்கிற ஆள் இல்லை. "வாரக் கணக்குதான். மாசக் கணக்கு இல்லை. அஞ்சு வாரம், மிஞ்சினா ஆறு. போக வேண்டிய இடம் இருந்தா இந்த வாரமே போங்க. விழாவை முன்னாடியே வெச்சுக்க முடியும்னா வெச்சுக்குங்க. தள்ளிப் போடாதீங்க."

ஒடீலியா வாயைத் திறந்தாள். வாரம் என்ற சொல் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அவளுடைய மூன்று பக்கப் பட்டியலில்கூட இல்லாத சொல். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரிந்த சொல். கீழே அந்தப் பெண் ஒரு பூட்ஸை முடித்துவிட்டு அடுத்ததற்கு நகர்ந்துகொண்டிருந்தாள். சுருள் முடியை நேர்வகிடு எடுத்துப் பின்னியிருந்தாள். அந்த வகிட்டைப் பார்த்ததும் ஒடீலியாவுக்கு மனசு இளகிப்போயிற்று. அவ்வளவுதான் நடந்தது, வேறு பெரிய காரணம் எதுவும் இல்லை.

"கொஞ்ச காலம்தான், தோன் இலாரியோ" என்றாள். "ரொம்ப காலம்னு சொல்லிட முடியாது. ஆக வேண்டியதைப் பார்த்துக்குங்க. ரொம்பத் தள்ளிப் போடாதீங்க."

அவர் மனைவியைப் பார்த்தார். பிறகு ஒடீலியாவையே நேராகப் பார்த்துக் கேட்டார். "ஜனவரி தாண்டுமாம்மா?"

அந்தக் கேள்வி அவளுக்கு உரியதே இல்லை. ஆங்கிலமாகி டாக்டரிடம் போயிருக்க வேண்டிய கேள்வி. இருபத்திரண்டு வருஷத்தில் எத்தனை பேருக்கு அவளே தொண்டை வறளச் சொல்லிக் கொடுத்திருக்கிறாள், நீங்களாகப் பதில் சொல்லாதீர்கள் என்று!

"கடவுள் மனசு வெச்சா தாண்டும்" என்றாள்.

"அவர் என்ன கேட்டார்?" என்றார் டாக்டர்.

"நன்றி சொல்றாரு, டாக்டர்."

டாக்டர் ப்ரென்னர் இலாரியோவின் தோளைத் தொட்டுவிட்டு அடுத்த அறைக்குப் போய்விட்டார். எல்விரா முந்தானை இல்லாத குறைக்குச் சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒடீலியாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "நல்லவேளை, நீங்க வந்தீங்க" என்றாள்.

வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் ஒடீலியா தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு போனாள். டாக்டர்கள் சொல்வதெல்லாம் நடந்துவிடுகிறதா என்ன? மூன்று மாதம் என்று சொன்ன ஆட்கள் மூன்று வருஷம் இருந்ததை அவள் பார்த்ததில்லையா? முதல் அடி ஆறட்டும், இரண்டு நாள் கழித்துத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லிவிடலாம். பெண் பிள்ளையை வைத்துக்கொண்டு எப்படிச் சொல்வது? எல்லாச் சமாதானமும் நன்றாகத்தான் இருந்தது. ராத்திரி நிம்மதியாகத் தூங்கவும் தூங்கினாள். அதை நினைத்துத்தான் பிற்பாடு அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

இரண்டு நாள் கழித்துச் சொல்லவில்லை. அடுத்த வாரம் அவர் பித்தநீர்க் குழாய் மாற்ற வந்தபோது சொல்லலாம் என்று இருந்தாள். அந்த அழைப்பு முறைப்படி உலீசெஸுக்குப் போனது. அந்த ரேடியோப் பெட்டி உள்ளே போனால் இருக்கிறதை இருக்கிறபடி சொல்லிவிடுவானே!

"லோசோயாவை நான் பார்த்துக்கறேன், நீ குழந்தைங்க பிரிவுக்குப் போ" என்றாள்.

"என்ன தோன்யா, சொந்தமா?"

"ஆமாடா. தூரத்துச் சொந்தம்."

"அப்படின்னா நீங்க போகவே கூடாதே. சொந்தக்காரங்களுக்குப் பேசக் கூடாதுன்னு நீங்கதான் பாடம் எடுத்தீங்க."

"ரொம்பத் தூரத்துச் சொந்தம்டா. போடா வேலையைப் பார்த்துக்கிட்டு" என்று அவனை விரட்டிவிட்டாள். அன்றிலிருந்து லோசோயா என்ற பெயர் வந்தால் அது அவளுக்குத்தான் என்று ஆயிற்று.

மஞ்சள் கொஞ்சம் இறங்கியிருந்தது. இலாரியோ தெம்பாக இருந்தார். கூடம் பேசிவிட்டார்களாம், கேக் சொல்லிவிட்டார்களாம், உடுப்பு தையற்காரியிடம் இருக்கிறதாம். "எங்க அம்மாகிட்டயும் சொல்லிட்டேன்" என்றார். "விழா முடிஞ்ச மறுநாள் பாலம் தாண்டறேன், அங்க வந்து உன் மடியில கிடக்கறேன்னேன். அழுதாங்க. அப்புறம் எனக்கு என்ன சமைக்கணும்னு கேட்டாங்க. எங்க அம்மாவுக்கு அழுகையும் அடுப்பும் ஒண்ணாத்தான் வரும்."

இப்போது சொல்லு, இப்போது சொல்லு என்று அவளுக்குள் அடித்துக்கொண்டது. "தோன் இலாரியோ..." என்று ஆரம்பித்தாள். "சொல்லுங்கம்மா" என்று முகத்தை நிமிர்த்தினார். அந்த முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்ததும் ஒடீலியா வந்ததை மென்று முழுங்கினாள். "ஒண்ணுமில்லை, தண்ணி நிறையக் குடிங்க" என்றாள்.

மூன்றாவது வாரம் டாக்டரே கேட்டுவிட்டார். "அம்மாவைப் பார்க்கப் போறதைப் பத்தி என்ன முடிவு பண்ணியிருக்கீங்க?"

"பொண்ணு விழா முடிஞ்சதும் ஜனவரியில போறேன், டாக்டரம்மா" என்றார் இலாரியோ, தெளிவாக.

கடவுளே தட்டில் வைத்துக் கொடுத்த சந்தர்ப்பம். அந்த ஒரு வரியை அவள் அப்படியே ஆங்கிலத்தில் சொல்லியிருந்தால் போதும். டாக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்திருப்பார், ஜனவரியா என்று கேட்டிருப்பார், எல்லாம் உடைந்திருக்கும். உடைந்தால்தான் என்ன? அவளுடைய வேலை போயிருக்கும். இருபத்திரண்டு வருஷப் பெயர் போயிருக்கும். இந்தத் தடவை அவள் இலாரியோவுக்காகப் பயப்படவில்லை, தனக்காகப் பயந்தாள். அது அவளுக்கே தெரிந்தது.

"வீட்டுல கலந்து பேசிக்கிட்டிருக்கோம்னு சொல்றாரு" என்றாள். சட்டத்தை மறந்து 'சொல்றாரு' என்று சொன்னது டாக்டரின் காதில் உறைக்கவில்லை.

நாலாவது வாரம், ஒரு மத்தியானம், நடைவழியில் அவரைப் பார்த்தாள். மருந்துப் பை தொங்கும் கம்பியைப் பெண்ணாக வைத்துக்கொண்டு ஒரு கையால் பிடித்து, மெதுவாக ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிக் காலை எடுத்து வைத்து ஆட்டம் பழகிக்கொண்டிருந்தார். இடுப்பில் கால்சட்டை நிற்கவில்லை. பெல்ட்டில் புதிதாக ஓட்டை போட்டிருந்தார்கள். யதீரா சுவரில் சாய்ந்துகொண்டு, "அப்பா, நீங்க கூரை மேல நடக்கற மாதிரியே நடக்கறீங்க!" என்று கேலி செய்துகொண்டிருந்தாள்.

"கூரை மேல நடந்துதானேடி உன்னை வளர்த்தேன்" என்றார் அவர். ஒடீலியாவைப் பார்த்ததும், "அம்மா, நீங்களும் விழாவுக்கு வரணும். வராட்டி நான் ஆடவே மாட்டேன்" என்றார்.

வருகிறேன் என்று சொல்லிவிட்டுக் குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டு அழுதாள். அழுது முகம் கழுவி வெளியே வந்து, ஒன்றும் சொல்லாமல், அடுத்த நோயாளியிடம் போனாள். நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று ஒரு மனுஷனுடைய நாளையெல்லாம் இவள் எடுத்துச் செலவழித்துக்கொண்டிருந்தாள். இதைவிடக் கொடுமையாக அதைச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

நவம்பர் பதினைந்தாம் தேதி ஆம்புலன்ஸில் கொண்டுவந்தார்கள். முந்தின நாள் சாப்பிடும்போதே பேச்சுக் குழறிச் சாய்ந்துவிட்டாராம். காலையில் நினைவே இல்லை. பிற்பகல் மூன்றரைக்குக் குடும்பத்தோடு பேச வேண்டும் என்று டாக்டர் ப்ரென்னர் ஆள் கேட்டார். அழைப்பு முதலில் உலீசெஸின் கைபேசியில்தான் வந்தது. அவன் ஒடீலியாவிடம் வந்து, "உங்க சொந்தக்காரங்க" என்றான். அவன் குரலில் கேலி இல்லை. "முடியலைன்னா சொல்லுங்க, நான் போறேன்."

போகட்டும் என்று ஒரு நிமிஷம் நினைத்தாள். பிறகு, "இல்லை, நானே போறேன்" என்றாள். அந்த ஆறு வாரத்தில் அவள் செய்த யோக்கியமான காரியம் அது ஒன்றுதான்.

சின்ன அறை. வட்ட மேஜை, காகிதக் கைக்குட்டைப் பெட்டி, ஜன்னலில் மலை. எல்விராவும் யதீராவும் கையைக் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். டாக்டர் சொன்னார். ஒடீலியா சொன்னாள்.

"ரெண்டு நாள். அதுக்கும் குறைவா இருக்கலாம். இனிமே கண் முழிக்க மாட்டாரு. வலி இல்லாம பார்த்துக்குவோம்."

எந்த மெழுகும் பூசாத சொற்கள். சொல்ல முடிகிறதே, இப்படிச் சொல்ல முடிகிறதே என்று நினைத்துக்கொண்டாள்.

எல்விராவுக்கு முதலில் புரியவே இல்லை. "ரெண்டு நாளா? எதுக்கு ரெண்டு நாள்? வீட்டுக்கு அனுப்பவா?" என்று கேட்டாள். யதீரா அம்மாவின் காதில் ஏதோ சொன்னாள். எல்விரா எழுந்து நின்றுவிட்டாள். "டாக்டரைக் கேளுங்க. ஜனவரி தாண்டும்னு சொன்னாங்களே! நாங்க அதை நம்பித்தானே இருந்தோம்? இன்னும் நவம்பரே முடியலை. அவங்க கணக்குத் தப்பாப் போச்சா, இல்லை நாங்க ஏதாவது தப்புப் பண்ணிட்டோமா? மருந்து கொடுத்ததுல தப்பா? கேளுங்க!"

ஒடீலியா கேட்டாள். ஒரு சொல்லையும் விடவில்லை. ஜனவரி என்பதையும் சொன்னாள்.

டாக்டர் ப்ரென்னர் முகம் சுருங்கிற்று. "ஜனவரியா? நான் அப்படிச் சொல்லவே இல்லை. நீங்க எந்தத் தப்பும் பண்ணலை. அக்டோபர் நாலாம் தேதி, முதல் நாளே நான் சொன்னேன், அஞ்சு வாரம், மிஞ்சினா ஆறுன்னு. போகணும்னா இந்த வாரமே போங்க, விழாவை முன்னாடி வெச்சுக்குங்கன்னும் சொன்னேன்."

இப்போது அதை ஸ்பானிய மொழியில் சொல்ல வேண்டும். அதுவும் 'நான்' என்று சொல்ல வேண்டும். ஒடீலியா மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"ஜனவரின்னு நான் சொல்லவே இல்லை" என்றாள். "நீங்க எந்தத் தப்பும் பண்ணலை. அக்டோபர் நாலாம் தேதியே நான் சொன்னேன். அஞ்சு வாரம், மிஞ்சினா ஆறு. இந்த வாரமே போங்க. விழாவை முன்னாடி வெச்சுக்குங்க. சொன்னேன்."

"யாரு சொன்னது? எப்பச் சொன்னாங்க?" எல்விரா மகளைப் பார்த்தாள். "நீயும்தானே இருந்தே? உன் காதுல விழுந்துச்சா?"

யதீரா ஒடீலியாவின் பக்கம் திரும்பினாள். அவள் பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் படிக்கிற பெண். அன்றைக்குப் பூட்ஸ் கயிற்றில் கவனமாக இருந்துவிட்டாள். அவள் ஒடீலியாவைப் பார்த்த பார்வையில் எல்லாம் தெரிந்துவிட்டது.

தவறாக மொழிபெயர்த்துவிட்டால் திருத்திச் சொல்லவும் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். தன்னை மூன்றாம் ஆளாக வைத்துப் பேச வேண்டும். ஒடீலியா முதலில் டாக்டரைப் பார்த்து, "மொழிபெயர்ப்பாளர் ஒரு திருத்தம் சொல்ல வேண்டியிருக்கு" என்று ஆங்கிலத்தில் ஆரம்பித்தாள். "அக்டோபர் நாலாம் தேதி மொழிபெயர்ப்பாளர் வாரக் கணக்குன்னு சொல்லலை. கொஞ்ச காலம்னு சொன்னாங்க. நோயாளி ஜனவரி தாண்டுமான்னு கேட்டாரு. உங்ககிட்ட அது வரலை. மொழிபெயர்ப்பாளரே பதில் சொன்னாங்க." பிறகு எல்விராவின் பக்கம் திரும்பினாள். அங்கே அந்த மூன்றாம் ஆள் வாயில் வரவில்லை. "நான்தான் சொன்னேன், எல்விரா. டாக்டர் ஆறு வாரம்னு சொன்னாங்க. எனக்கு மனசு வரலை. அப்புறம் சொல்லலாம், அப்புறம் சொல்லலாம்னு விட்டுட்டேன். அப்புறம் எனக்குப் பயம் வந்துடுச்சு. உங்க தப்பு எதுவும் இல்லை. என் தப்புதான்."

டாக்டர் ப்ரென்னர் எழுந்து, "வேற ஆளைக் கூட்டிட்டு வரேன். நீங்க இதை இத்தோட நிறுத்துங்க" என்று ஒடீலியாவிடம் கடுமையாகச் சொல்லிவிட்டு வெளியே போனார்.

எல்விரா கத்தவில்லை. கத்தியிருந்தால் ஒடீலியாவுக்குத் தேவலையாக இருந்திருக்கும். மெள்ள உட்கார்ந்தாள். "கூடம் எதுக்கு?" என்றாள். "எங்க வீட்டு முன்னாடி பத்து நாற்காலி போட்டிருப்போமே. அண்ணன் கார் ரேடியோவுல பாட்டு வெச்சிருப்பாரு. அடுத்த ஞாயித்துக்கிழமையே முடிச்சிருக்கலாம். இவரு ஆடியிருப்பாரு. அப்ப நல்லா நடந்துக்கிட்டுத்தானே இருந்தாரு? திங்கக்கிழமை பாலத்துல கொண்டுபோய் விட்டிருப்பேன். நான் வரமுடியாதுன்னாலும் விட்டிருப்பேன்." கைக்குட்டைப் பெட்டியைத் தள்ளி வைத்தாள். "நீங்க எங்க மேல இரக்கப்பட்டீங்க. நாங்க அவ்வளவு தாங்க மாட்டாதவங்கன்னு உங்களுக்கு யாரு சொன்னா? பத்தொம்பது வருஷம் தாங்கிக்கிட்டு இருந்தவங்கம்மா நாங்க."

மேஜை மேல் எல்விராவின் கைபேசி அதிர்ந்தது. மணி நாலு. யதீரா எட்டிப் பார்த்துவிட்டு, "பர்ரால்" என்றாள். இலாரியோவின் அம்மா தினமும் நாலு மணிக்குக் கூப்பிடுவாராம். நேற்றும் கூப்பிட்டார், தூங்குகிறார் என்று சொல்லிச் சமாளித்திருக்கிறார்கள்.

எல்விரா கைபேசியை எடுக்கவில்லை. ஒரு விரலால் அதை ஒடீலியாவின் பக்கம் தள்ளினாள். "நீங்க பேசுங்க" என்றாள். "எவ்வளவு நாள்னு கேட்பாங்க. சொல்லுங்க."

"எல்விரா, அது நான் எப்படி..."

"என்னால முடியாது. நீங்கதானே சொல்லத் தெரிஞ்சவங்க."

ஒடீலியா எடுத்துக் காதில் வைத்தாள். அந்தப் பக்கம் எங்கேயோ ஒரு பாத்திரம் கொதிக்கும் சத்தம் கேட்டது.

"எல்விரா? என்ன மகளே, மூச்சே காணோம்? முழிச்சுட்டானா எம் மகன்?"

"தோன்யா எர்லிந்தா, நான் ஆஸ்பத்திரியில இருந்து பேசறேன். பேரு ஒடீலியா. இங்க மொழிபெயர்க்கறவ."

"மொழிபெயர்க்கறவளா? நமக்குள்ள எதுக்கும்மா மொழிபெயர்ப்பு? நல்லாத்தானே பேசறே." குரலில் ஒரு சிரிப்புகூட இருந்தது. பிறகு அது நின்றது. "என்ன ஆச்சு?"

"அவரு முழிக்க மாட்டாரு, தோன்யா. ரெண்டு நாள்தான். இன்னிக்கோ நாளைக்கோகூட ஆகலாம். ஜனவரியில அங்க வர மாட்டாரு."

அந்தப் பக்கம் அடுப்பை அணைக்கும் சத்தம் கேட்டது.

"தெரிஞ்சே எங்கிட்ட மறைச்சானா? நான் பயப்படுவேன்னு மறைச்சானா அவன்?"

"இல்லை, தோன்யா. அவருக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது. டாக்டர் சொன்னதை நான் அவருகிட்டச் சொல்லலை. எனக்கு மட்டும்தான் தெரியும்."

"எப்ப இருந்து?"

"ஆறு வாரமா."

"ஆறு வாரமா" என்றாள் அந்த அம்மா. திட்டவில்லை. விசும்பவில்லை. ஏதோ கணக்குப் போட்டுப் பார்க்கிறவள் மாதிரி மறுபடியும் ஒருமுறை சொன்னாள். "ஆறு வாரமா... ஆத்தைத் தாண்டினா, பஸ்ஸுல இங்க எட்டு மணி நேரம்தானே மகளே."